555

"555-ல போட்டுருங்கக்கா, சம்பளத்துல தர்றேன்"
என்றவன் கலைவேந்தன்.
போட்டேன்.

பிப்ரவரி எட்டு. லோரிச் சங்கிலி நாலு மீட்டர்.
பதினொன்று. கோழி ஈரல் மூன்று கிலோ,
மஞ்சள் மருந்து இரண்டு போத்தல்,
தூண்டில் நரம்பு ஒரு சுருள், ஊசி.
மீன் பிடிக்கவா என்றேன்.
சிரித்தான்.
மில் தண்ணீர் விழுந்து
எங்கள் ஆற்றில் மீன் செத்துப் பத்து வருஷம்.
அது தெரிந்தும்
கூட்டிக் கோடு போட்டுப் புத்தகத்தை மூடினேன்.

கடைவாசலில் ஐந்து பூனைகள் படுத்திருக்கும்.
மார்ச்சில் இரண்டு.
மாதா கோயில் பின்னால் குட்டி போட்டிருந்த கறுப்பியை
லயத்தில் யாரும் தேடவில்லை.
போனால் நல்லதுதான், குப்பை கலையாது
என்றார் பக்கத்துச் சலூன் அமிர்தராஜ்.

சனிக்கிழமை என்றால் சில்லறை தீர்ந்துவிடும்.
பி எண், ஏ எண் போட்ட வண்டிகள் நிற்கும்.
ஐம்பது வெள்ளியைப் பத்துப் பத்தாக மாற்றிக்கொண்டு
இரண்டாம் டிவிஷன் பழைய ஸ்மோக் ஹவுஸ் பக்கம் திரும்பும்.
கல்யாணம் என்றால் பெண்கள் வருவார்கள்.
சாவு என்றால் பறை கேட்கும்.
நான் ஐஸ் விற்றேன்.
ஆறு மூட்டை. அடுத்த வாரம் ஒன்பது.

மைலோவைக் குட்டியிலிருந்தே தெரியும்.
அந்த நிறத்துக்கு வைத்த பெயர்.
பிஸ்கட் போட்டால் உட்கார்ந்து கை கொடுக்கும்.
ஏப்ரலில் ஒருநாள் வேந்தனின் வண்டிப் பின்னால் நின்றது.
காதுகள் இல்லை.
முகம், மார்பு, முன்னங்கால் எங்கும் கிழித்துத் தைத்த தடம்.
தையல், என் கடை நரம்பு.
முதுகில் மட்டும் ஒரு கீறல்கூட இல்லை.
ஓடுகிற நாய்க்குப் பின்னால் கடி விழும்.
இதை ஓடவே விடவில்லை.

பிஸ்கட் போட்டேன்.
உட்கார்ந்தது.
கை கொடுத்தது.

ஹைவான் ஆபீசுக்கு முதல்முறை அடித்தபோது
என் மலாய் பாதியில் நின்றுவிட்டது.
நாய், இரண்டு நாய், ஆட்கள் காசு வைத்து...
"லாகா அஞ்சிங் கே, காக்?" என்றாள் ஒரு பெண்,
அரிசி விலை கேட்பது போல.
அதற்கென்று ஒரு சொல்லே இருந்தது.
ஆனால் யாரும் வரவில்லை.

இரண்டாம் முறை,
எந்தத் தேதி, யார், என்ன சாட்சி என்றார்கள்.
எழுதி இருக்கு என்றேன்.

நோரைனி என்று பெயர். கடை அடைத்த பிறகு வந்தாள்.
பக்கம் பக்கமாகப் படம் எடுத்தாள்.
கடைசிப் பக்கத்தில் விரல் வைத்து, இந்த ஐஸ்?
அது நான் விற்றது.
அதையும் எடுத்துக்கொண்டாள்.

மே இரண்டாவது சனி
ஏழு கூண்டுகள் என் கடையைத் தாண்டிப் போயின.
மைலோ எழுந்து நிற்கவில்லை.
பிழைக்குமா என்று கேட்டேன்.
நோரைனி கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்,
வெகுநேரம்.

நாய்க்காக நம்ம பையனையா, என்றது ஊர்.
ஒரு விடியலில் கடைக்கதவெல்லாம் கறுப்பு ஆயில்.
அமிர்தராஜ் ஒரு டின் டர்பன்டைனோடு வந்தார்.
ஒன்றும் பேசவில்லை.
கீழ்ப்பாதியை அவர் துடைத்தார்.

கலைவேந்தன் பாக்கி நூற்றுப் பதினாறு வெள்ளி
இன்னும் அடிக்காமல் இருக்கிறது.

அவன் அம்மா மூன்று வாரம் வரவில்லை.
வந்தபோது ரொக்கம்.
என் கையில் தராமல் மேசையில் வைத்தாள்.
மஞ்சள் மருந்து ஒண்ணு.

எதுக்கு என்று கேட்டேன்.

என்னையே பார்த்தாள்.
பிறகு செருப்பைக் கழற்றிப் பாதத்தைத் திருப்பினாள்.
செம்பனை முள்.
நான் குனிந்து பார்த்தேன்.